பெட்டிக்குள் இருந்த பௌர்ணமி

குசுமாவதியிடம் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் "பார்க்கணும்" என்பதுதான். டீ குடிக்கலாமா என்று கேட்டால்கூட அதே பதில்தான் வரும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. அவள் பார்க்காமல் சரி என்று சொன்னால்தான் பயமாக இருக்கும்.

நாங்கள் இருவரும் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி ஒரு மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் மணிவேல், பெட்டி மாட்டுகிறவன். அவள் பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவள். போர்வெல் மோட்டாருக்கு ஒரு பெட்டி, பால் சொசைட்டியில் பாலைக் குளிர வைக்கும் கூலருக்கு ஒரு பெட்டி, ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் டிரையருக்கு ஒரு பெட்டி என்று மூன்று சரக்கு எங்களிடம் உண்டு. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வதுதான் பெட்டியின் வேலை. அது ஒழுங்காக நடந்தால் குசுமாவைப் பற்றி ஊரில் யாரும் பேச மாட்டார்கள். நடக்காவிட்டால் என் போன் அடிக்கும்.

குசுமாவுக்கு வீடு எங்கள் மாவட்டத்துச் சேத்துப்பட்டு போகும் வழியில், நயினார்கள் என்று கூப்பிடப்படும் சமணர்களின் ஊர் ஒன்றில். கணவர் ஜீவகுமார் விவசாயம் பார்க்கிறார், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் மாற்றி மாற்றிப் போடுவார். மகள் அக்ஷயா பத்தாவது படிக்கிறாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கம் அவர்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் போய்ச் சேர நேரமாகிவிடும் என்று ஆபீஸிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவாள். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சரி, "ஒரு நிமிஷங்க" என்று எழுந்து போய்விடுவாள். முதலாளி இரண்டு மூன்று தடவை முகத்தைச் சுளித்துப் பார்த்தார். அப்புறம் அந்த நேரத்தில் மீட்டிங் வைப்பதையே விட்டுவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் அவள் சென்னையில் வேலை பார்த்திருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால், "அங்க நல்லாத்தான் வெச்சிருந்தாங்க ணா, எனக்குத்தான் ஒட்டல" என்பாள். காலை பஸ், ஜன்னலில் வந்துகொண்டே இருக்கும் அண்ணாமலையார் மலை, சாயங்காலம் வயல் வழியே வீடு. இதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இப்படித் திருப்தியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

போன ஐப்பசியில் அந்தத் திருப்தியில் கல் விழுந்தது.

முதலாளி பெயர் இளஞ்செழியன். நல்ல மனிதர், வாய்தான் முந்திக்கொள்ளும். ஓசூர் பக்கத்தில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்காரர்கள், பூவை வைக்கும் குளிர் அறைகளுக்குப் பெட்டி கேட்டு வந்திருந்தார்கள். எங்களுக்கு அது புதுச் சரக்கு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. உங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் எவ்வளவு எங்கள் அறைக்கு அப்படியே ஆகும், எவ்வளவு புதிதாக எழுத வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள், அதை வைத்து முடிவு செய்கிறோம் என்றார்கள்.

இளஞ்செழியன் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பழசு பெரும்பாலும் ஆகும்னா இருக்கிற ஆளுங்களே போதும், இங்கயே பண்ணிடலாம். புதுசா எழுதணும்னா ஆள் ஜாஸ்தி வேணும். வேங்கிக்காலுக்கு யாரு வர்றாங்க? அம்பத்தூர்ல ஒரு இடம் பார்த்திருக்கேன். தீபத்துக்குள்ள அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும். குசுமாவதி, நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

எனக்கு எந்த ஊராக இருந்தாலும் ஸ்பேனர் ஒன்றுதான். குசுமாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஜீவகுமார் நிலத்தை விட்டு ஒரு நாள் வெளியூரில் தங்கினாலே தூங்காத ஆள். அம்பத்தூர் என்றால் அவள் அங்கே ஹாஸ்டலில், அவர் இங்கே வயலில், பெண் இரண்டுக்கும் நடுவில் என்று வீடு இரண்டாகிவிடும். வேலையை விட்டுவிடலாம் என்றால் இந்த வேலை அவளுக்கு உயிர். ஆக, "எல்லாம் ஆகும் சார்" என்று அவள் சொல்லிவிட்டால் போதும், எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். சொல்ல வேண்டியவளும் அவளேதான்.

சொல்ல வைக்க முதலாளியே தயாராக இருந்தார். இரண்டு புரோகிராம்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் எங்கள் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் துள்ளிக்கொண்டு வந்தார். "மூணுலயும் முக்கால்வாசி வரி அச்சு அசலா ஒண்ணா இருக்கும்மா! இன்னும் என்ன பார்க்கணும்? முக்கால்வாசி ஆகும்னு சொல்லிடலாம்."

"பார்க்கணும் சார்" என்றாள் குசுமா.

அவள் என்ன பார்த்தாள் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் பௌர்ணமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனிக்கு ஊரில் நல்ல பேர் வந்ததே அதில்தான். இளஞ்செழியன் தனியாளாக மோட்டார் பெட்டி செய்துகொண்டிருந்த காலத்தில், அடி அண்ணாமலைப் பக்கம் கிணற்றுக்காரர்களுக்கு ஒரே தொல்லை. பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதை முழுக்கக் கடையும் விளக்கும் ஏறியதும் கரண்ட் படுத்துவிடும். மோட்டார் எழும், விழும், மறுபடி எழும், கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும். இவர் என்ன செய்தார் என்றால், வரப்போகும் பல வருஷத்துப் பௌர்ணமித் தேதிகளையெல்லாம் பஞ்சாங்கம் பார்த்துப் பெட்டிக்குள் எழுதிவிட்டார். அந்தத் தேதிகளில் மோட்டார் ஒரு தடவை நின்றால், திரும்பப் போடுவதற்கு முன்னால் பெட்டி அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். மோட்டார் கருகுவது அதோடு நின்றது. பௌர்ணமி தெரிந்த பெட்டி என்று ஊர் ஊராகப் பேச்சு பரவி, நான் வண்டியில் கட்டிக்கொண்டு போய் மாட்டி மாளவில்லை.

குசுமா மூன்று புரோகிராம்களையும் அச்சடித்துக்கொண்டு வந்து மேஜையில் பரப்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்திலேயே எழுந்து வந்து, "ணா, நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க? நானும் வர்றேன்" என்றாள். எழுதியதில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, பெட்டி இருக்கும் இடத்துக்குப் போனால்தான் தெரியும் என்றாள். என் வண்டியின் பின்னால் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகும் இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாள். "நீங்க கேட்காம இந்தப் பெட்டி எதையாவது செய்யுதா?"

ரைஸ் மில்லில் அப்படி ஒன்றும் கவனித்ததில்லை என்றார்கள். கிணற்றுக்காரர்கள் பெட்டியைப் புகழ்ந்து தள்ளினார்கள். மூன்றாவதாகப் போனது போளூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு பால் சொசைட்டி. அதைக் கவனித்துக்கொள்வது சரோஜா என்கிற பெண். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"செய்யுதே! பௌர்ணமியானா அதுக்கு இன்னா ஆவுதோ தெரியல. நின்னா நின்னதுதான், சீக்கிரம் எழுந்துக்காது. அதுவும் மலை சுத்தப் போயிடும்போல. நான் சுவிட்சைத் திருப்பி கையாலயே ஓட்டிக்குவேன். மணிவேல் அண்ணன்கிட்ட கூடச் சொன்னனே, கரண்டுனு சொன்னாரு."

சொன்னேன்தான். எங்கள் தொழிலில் புரியாத எல்லாவற்றுக்கும் கரண்ட்தான் காரணம்.

குசுமா வெளியே வந்து அங்கிருந்த வேப்பமரத்தடியில் நின்றாள். "இங்க கிரிவலமும் இல்ல, கடையும் இல்ல. பால் சூடா வந்து நிக்கும்போது அரைமணி நேரம் கம்ப்ரசர் எதுக்கு சும்மா இருக்கணும்? சரோஜா கவனிக்காம இருந்தா பால் திரிஞ்சிருக்கும்" என்றாள். அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். மோட்டார் புரோகிராமைக் காப்பி எடுத்துத்தான் கூலருக்கு எழுதியிருக்கிறார்கள், கூலரைக் காப்பி எடுத்து டிரையருக்கு. குசுமா வருவதற்கு முன்னால் அவற்றை எழுதிய பையன்கள் இப்போது பெங்களூரில் எங்கோ இருக்கிறார்கள். பௌர்ணமியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை இப்படித்தான் வந்தது. பிரஸ்காரர் முந்தின கல்யாணத்துப் பத்திரிகையை வைத்துப் பெயர்களை மாற்றினார், கீழே யாரோ ஒரு தாய்மாமன் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆள் யார் என்று சம்பந்தி வீட்டார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அது மட்டும் இல்ல ணா. முக்கால்வாசி ஒண்ணா இருக்குனு சார் சொன்னாரே, அதுல பாதி இந்தத் தேதிப் பட்டியல்தான். ரோஜாவுக்குப் பௌர்ணமி எதுக்கு?"

பட்டியலைக் கழித்துவிட்டால் முக்கால்வாசி எங்கே நிற்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அம்பத்தூர் கிட்டத்தில் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காகிதங்களோடு கிடந்தாள். ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சந்தேகப்பட்டாள், வேறு மாதிரி இருந்ததையெல்லாம் கிட்டப் போய்ப் பார்த்தாள். அதில் ஒரு நல்லதும் நடந்தது. நின்ற மெஷினை உடனே போடக்கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்கிற வேலையை மூன்று பையன்கள் மூன்று விதமாக, மூன்று பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். ஒப்பிட்ட சாஃப்ட்வேர் அதை வேறு வேறு என்று தள்ளிவிட்டது. குசுமா பார்த்தபோது மூன்றும் ஒரே வேலைதான். சூட்டை அளப்பது, கெடுதல் வந்தால் மணி அடிப்பது என்று இன்னும் சிலதும் அப்படிக் கிடைத்தன. போனது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். கடைசியில் பாதிக்கும் கொஞ்சம் கம்மியாக நின்றது.

ஜீவகுமாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "அம்பத்தூர் பேச்சு இருக்குனு சொன்னேன். ம்னு கேட்டுக்கிட்டாரு, அவ்வளவுதான். அதுக்கு மேல அவரும் பேசல, நானும் கேட்கல. கேட்டு, நான் வரலைனு அவர் சொல்லிட்டா என்ன பண்றது?" என்றாள். எனக்கு அவரைப் போய் நாலு கேள்வி கேட்கலாம் போல ஆத்திரமாக வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முதலாளியிடம் சொன்ன அன்றைக்கு நான் பக்கத்து மேஜையில்தான் ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"பாதிக்கும் கம்மியா? முக்கால்வாசின்னு நானே பார்த்தேனே!"

"பௌர்ணமியை எடுத்துட்டா அவ்வளவுதான் சார் வருது."

அவ்வளவுதான், இளஞ்செழியனுக்குக் காது சிவந்துவிட்டது. "பௌர்ணமியை எடுக்கறதா? அது என் முதல் பிள்ளைம்மா! இந்தக் கம்பெனியே அதுல எழுந்ததுதான்."

"பிள்ளைதான் சார். அதுக்காக எல்லார் வீட்டுக்கும் அனுப்பி வைக்க முடியுமா? பால் சொசைட்டில அது பண்ற கூத்தை சரோஜாவைக் கேளுங்க."

"ஒரு நாள் பொறுமையா இருந்துட்டுப் போகுது! கரண்ட் படுக்கற நாளு நம்ம ஊர்ல மட்டும்தான் இருக்கா? ஓசூர்ல இல்லையா? போளூர்ல இல்லையா? எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு நாள் கரண்ட் படுக்கத்தானே செய்யுது!"

குசுமா பதிலுக்கு எதையோ சொல்ல வாயைத் திறந்து, அப்படியே நிறுத்தினாள். "சார், இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?" என்றார், கோபம் குறையாமல்.

"எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு நாள்னு."

அவர் முறைத்தார். அவளே தொடர்ந்தாள். கரண்ட் படுக்கும் நாளில் பொறுமையாக இருக்கும் புத்தி எல்லாப் பெட்டிக்கும் வேண்டியதுதான். அந்த நாள் பௌர்ணமி என்பது மட்டும்தான் எங்கள் ஊர்ச் சமாசாரம். தேதிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடலாம். அந்தந்த ஊர்க்காரர் தங்கள் நாளைப் போட்டுக்கொள்ளட்டும், நாளே இல்லாதவர் சும்மா விடட்டும். "உங்க பிள்ளை இருக்கட்டும் சார். நிலாவை மட்டும் இறக்கி வெச்சிடலாம்."

இளஞ்செழியன் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, அதைச் சேர்த்தா எவ்வளவு வருது?" என்றார்.

"பாதி வரும். புதுசா எழுதறதுக்கு எங்களுக்கு ஒரு ஆள் கூட வேணும். பொங்கலுக்குள்ள முடியாது. மாசி ஆகும்."

"அவங்க பொங்கலுக்குக் கேட்கறாங்க. முடியாதுன்னு வேற யார்கிட்டயாவது போயிட்டா? இல்ல, சீக்கிரம் வேணும்னு பிடிவாதம் பிடிச்சா ஆள் ஜாஸ்தி போடணும், அப்புறம் அம்பத்தூர்தான். புரியுதா உங்களுக்கு?"

"புரியுது சார்" என்றாள். ஆனால் கணக்கை மாற்றவில்லை.

ஓசூரிலிருந்து வந்த இன்ஜினியர் எழிலரசி, குசுமாவைவிடச் சின்னவள், சிரிக்காத முகம். குசுமா சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாதி ஆகும், பாதி ஆகாது, மாசியில் தருவோம். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த எல்லாரும் தொண்ணூறு பர்சன்ட் ஆகும்னு சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் இவ்வளவு கம்மியா சொல்றீங்க?" என்று கேட்டாள் எழிலரசி.

குசுமா பௌர்ணமிக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். சரோஜா சொன்னது உட்பட. இளஞ்செழியனுக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் எழிலரசி முதல் தடவையாகச் சிரித்தாள். போன வருஷம் அவர்கள் வாங்கிய பெட்டியில், யாரோ கோழிப்பண்ணைக்கு எழுதியதை அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். காலையில் ரூமைத் திறந்தால் திரையில் குஞ்சுக்கு எத்தனை நாள் வயசு என்று கேட்டு நின்றதாம். உள்ளே ரோஜாவெல்லாம் குளிர்காலத்துக் குஞ்சுக்குப் போடுகிற சூட்டில் வெந்து கிடந்ததாம். "எங்க எம்.டி.கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று கிளம்பினாள்.

அதற்கப்புறம் ஓசூரிலிருந்து சத்தமே இல்லை. ஊரில் தீபத்துக்கான வேலைகள் மும்முரமாகிவிட்டன. அம்பத்தூர் வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். குசுமா வழக்கம்போல வந்தாள், வழக்கம்போலப் போனாள். டிபனில் பாதியை மூடி வைத்துவிடுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு மத்தியானம் முதலாளி அறையிலிருந்து போனும் கையுமாக வெளியே வந்தார். "முதல்ல ரெண்டு ரூம் மட்டும் பண்ணச் சொல்றாங்க. மாசியே போதுமாம், இந்த சீசனைப் பழைய ரூம்லயே ஓட்டிக்கிறாங்களாம்!" என்று கத்தினார். இரண்டு அறைக்கு இருக்கிற ஆட்களோடு ஒருவர் சேர்ந்தால் போதும், அந்த ஒருவரை இந்த ஊர் காலேஜிலேயே பிடித்துவிடலாம், அம்பத்தூர் வேண்டாம். எங்கள் எதிரிலேயே அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

குசுமா எழுந்து பையை எடுத்தாள். "ணா, என்னை வீட்ல விட்டுடறீங்களா? பஸ்சுக்கு நிக்க முடியாது" என்றாள். அவள் லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லை. முதலாளி போ போ என்று கையை ஆட்டினார்.

ஊருக்குள் நுழையும் முன்னாலேயே அவர்கள் நிலம் வந்துவிடும். அங்கே டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது பக்கத்து நிலத்துக்காரர் சுப்பிரமணி. ஜீவகுமார் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். குசுமா வண்டியிலிருந்து இறங்கி ஓடினாள். "ஏங்க, எங்கயும் போக வேணாம்! இங்கயேதான் ஆபீஸ்!" என்றாள். ஜீவகுமார் முகம் மலர்ந்தது, உடனே என்னவோ போல ஆனது. அப்போதுதான் அவள் டிராக்டரைக் கவனித்தாள்.

"நம்ம நிலத்துல அவர் ஏன் ஓட்டுறாரு?"

"குத்தகைக்கு விட்டுட்டேன், இந்தப் போகத்துக்கு" என்றார் ஜீவகுமார்.

"எதுக்கு?"

"அம்பத்தூர்னா நானும் வர வேணாமா? நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் எப்படி இருக்கறது? அக்ஷயாவுக்கு அங்க ஸ்கூல்கூட விசாரிச்சு வெச்சிருக்கேன்."

குசுமா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் நிரம்பிவிட்டது. "இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் இங்க ஒவ்வொரு நாளும் செத்துச் செத்துப் பிழைச்சேன்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நிலத்தை விட்டுட்டேன்னு தெரிஞ்சா, அதை மீட்கறதுக்காக நீ ஆபீஸ்ல எல்லாம் ஆகும்னு சொல்லிட்டு வந்துடுவியோன்னு பயமா இருந்தது குசுமா. அப்புறம் உனக்குத் தூக்கம் வராது."

இந்த மனிதரைப் போய்க் கேள்வி கேட்க இருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன். டிராக்டர் எங்கள் பக்கம் வந்து நின்றது. சுப்பிரமணி மேலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நயினாரே, நிலம் திரும்ப வேணுமா? பாதி ஓட்டிட்டேனே!"

"வார்த்தை குடுத்தாச்சுப்பா. இந்த மல்லாட்டை உன்னுது, நீ ஓட்டு" என்றார் ஜீவகுமார்.

குசுமா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுகையும் சிரிப்புமாக அவரைப் பார்த்து, "அப்ப இந்தப் போகம் முழுக்க வீட்லயா இருப்பீங்க?" என்றாள்.

"வேற எங்க போறது? உன்னோடதான் இருப்பேன்" என்றார்.